டியூபா, பேனலா? செட்டிநாட்டு வீட்டுக்கு எந்தச் சோலார் ஹீட்டர் சரிப்படும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் சோலார் வெந்நீர்க் கருவி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லது?" அதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம். வி-கார்ட், ரேகோல்ட், எம்வீ என்று பெயர் தெரிந்த கம்பெனிகள் டியூப் வைத்த கருவியும் விற்கின்றன, பேனல் வைத்ததும் விற்கின்றன. எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி இந்த இரண்டில் ஒன்றுதான். எது உங்களுக்கு என்று முடிவு செய்வது வெயில் இல்லை, வீட்டுத் தண்ணீர். ஆகவே இந்த மதிப்பீடு கம்பெனிகளைப் பற்றியது இல்லை. இரண்டு வகைக் கருவியையும் நம் ஊர்த் தண்ணீருக்கும் நம் ஊர் வீட்டுக்கும் வைத்துப் பார்ப்பது.

டியூப் என்பது இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய். இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். உள்சுவரில் கறுப்புப் பூச்சு இருக்கும். 58 மி.மீ. விட்டமும் 1,800 மி.மீ. நீளமும் உள்ள டியூப் பத்து சேர்ந்தால் 100 லிட்டர் கருவி. தண்ணீர் நேராக டியூபுக்குள் இறங்கி, சூடாகி, தானாகவே மேலே டேங்குக்கு ஏறும். பேனல் வகையில் அலுமினியப் பெட்டி, மேலே டஃபன்டு கண்ணாடி, உள்ளே செம்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய அரை அங்குலச் செம்புக் குழாய்கள். 2 சதுர மீட்டர் பேனல் ஒன்று 100 லிட்டருக்குப் போதும். இரண்டிலும் மோட்டார் கிடையாது. விலையில் பேனல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெயிலை மட்டும் வைத்துச் சொன்னால் நம் ஊருக்குப் பேனல்தான் பொருத்தம். நடுவில் காற்று இல்லாத டியூபின் பெருமையெல்லாம் குளிர் ஊரில்தான். வெளியே குளிர் அடித்தாலும் உள்ளே சூடு தங்கும். காரைக்குடியில் வெளிக்காற்றே 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அந்த லாபம் பெரிதில்லை. மாறாக, சித்திரை வைகாசியில் டியூப் டேங்கில் தண்ணீர் 80 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஆவி டேங்கின் தலையில் உள்ள வென்ட் குழாய் வழியாகப் புகையும். பேனல் சூடேற ஏற வெளியேயும் விடும், அதனால் தன்னைத்தானே ஓரளவு அடக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கு நாட்களில் டியூப் கொஞ்சம் முன்னால் நிற்கும், உண்மைதான். ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மழை பிடித்தால் இரண்டிலும் வெதுவெதுப்புத்தான் மிஞ்சும்.

இனி தண்ணீருக்கு வருவோம். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட வேகமாக வெளியே வந்து படியும். பேனலின் அரை அங்குலச் செம்புக் குழாய்க்குள் அது படிந்தால் வழி குறுகி, ஓட்டம் நின்று, ஒருநாள் அடைத்துக்கொள்ளும். அறிகுறி சுலபம்: உச்சி வெயிலில் பேனல் தொட முடியாத சூடு, டேங்கில் மட்டும் பச்சைத் தண்ணீர். நீர்த்த ஆசிடைப் பம்ப் வைத்துச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்வார்கள். பாதி அடைத்த குழாய்க்கு அது சரிவரும். முழுக்க அடைத்ததற்குள் ஆசிட் போகவே போகாது. பேனலை மாற்ற வேண்டியதுதான். டியூபில் அதே சுண்ணாம்பு அடியில் சகதி மாதிரி இறங்கி உட்காரும், வாய் அகலம் என்பதால் அடைக்காது. கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம்.

ஆகவே வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் பார்க்கலாம். கேட்க வேண்டியது இரண்டு எண்: மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு. கடைக்காரர் பேனா மாதிரி ஒன்றை முக்கிக் காட்டுவாரே, அந்த டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், இரண்டையும் சொல்லாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை. இதே எண்களை சோலாருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. 200க்குள் இருந்தால் தயங்காமல் பேனல். 200க்கும் 600க்கும் நடுவில் டியூப். 600க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை நேராக எதற்குள்ளும் விட வேண்டாம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த பேனல் இருக்கிறது: பேனலுக்குள் நல்ல தண்ணீர் மட்டும் மூடிய சுற்றாக ஓடும், குளிக்கிற தண்ணீர் டேங்கிலேயே சூடாகும். விலை கூட. டேங்குக்குள் சுண்ணாம்பு படிவதை அதுவும் நிறுத்தாது, பேனலைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

இதைவிட மலிவான வழி ஒன்று செட்டிநாட்டு வீட்டிலேயே கட்டிவைத்த வழி. கூரைத் தண்ணீரை முற்றத்துக்கு இறக்கி அண்டாவிலும் கிணற்றிலும் சேர்த்த வீடுகள் இவை. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. 1,000 சதுர அடிக் கூரையில் 135 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக, 10,000 லிட்டர் சேரும். வழக்கமான வருஷத்தில் ஐப்பசி, கார்த்திகைக்குள் அதற்கு மேலேயே பெய்துவிடும். நான்கு பேர் வீட்டில் சோலார் டேங்கிலிருந்து ஒரு நாளில் இழுப்பது 65 லிட்டர் போலத்தான் (கணக்கு கீழே வருகிறது). ஆக 10,000 லிட்டர் ஐந்து மாதத்துக்கு வரும், அதாவது வெந்நீர் தேவைப்படுகிற மாதங்கள் முழுவதற்கும். மழைத் தொட்டியிலிருந்து சோலாருக்கு மட்டும் மாடியில் தனியாக ஒரு 500 லிட்டர் டேங்க் வைத்துவிட்டால் பேனலே போடலாம். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்குப் பெயர் வாங்கிய ஊரில் போர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டேங்க் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். "எஸ்.எஸ். டேங்க்" என்று மட்டும் பில்லில் எழுதினால் போதாது, கிரேடு வேண்டும். எஸ்.எஸ். 304ஆகவே இருந்தாலும் குளோரைடு கூடிய சூடான தண்ணீர் வெல்டிங் ஓரத்தில் ஊசித் துளை போட்டுவிடும். டேங்கைச் சுற்றியுள்ள ஃபோம் நனைந்து, வெளித்தகட்டின் அடியில் பழுப்புக் கறை இறங்கும்போதுதான் தெரியவரும். அதன் பிறகு பற்றவைக்கவும் முடியாது. குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட, மெக்னீசியம் ராடு வைத்த டேங்க்கை வாங்குங்கள். ராடு என்பது தான் கரைந்து டேங்கைக் காப்பது. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, கம்பி மட்டும் தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தால் மாற்ற வேண்டும். பேனலில் ஐ.எஸ். 12933 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனை லிட்டர்?

விற்பவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு 200 லிட்டர் என்பார்கள். நம் ஊருக்கு அது அதிகம். குளிக்கிற சூடு 40 டிகிரி. மார்கழியில்கூட மாடி டேங்க் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலாரில் 60 டிகிரித் தண்ணீர் இருந்தால், வாளியில் பத்துக்கு நாலு பங்கு வெந்நீர், ஆறு பங்கு பச்சைத் தண்ணீர். ஆளுக்கு 40 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு 160 லிட்டர், அதில் வெந்நீர் சுமார் 63. ஆகவே 100 லிட்டர் கருவியில் ஆறு பேர் வரை குளிக்கலாம். கூட இருக்கட்டும் என்று 200 வாங்கினால் வெந்நீர் செலவாகாமல் நின்று, மறுநாள் மேலும் கொதித்து, சுண்ணாம்பைக் கூடுதலாகப் படியவிடும்.

லாபக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். அந்த 160 லிட்டரை 27லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற, கரண்டில் ஒரு நாளைக்குச் சுமார் 2.4 யூனிட். குளிர்காலம், மழைக்காலம் சேர்த்து 150 நாள் என்றால் 360 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 2,500 ரூபாய். வெயில் காலத்தில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது, அங்கே சோலாருக்கு வேலை இல்லை. குளியலுக்கு மட்டும் என்றால் போட்ட காசு திரும்ப எட்டு, பத்து வருஷம் ஆகலாம். இலவச யூனிட் வரம்புக்குள் மற்றபடி அடங்குகிற சின்னக் குடும்பம் என்றால் கீசர் ஓடுவதால் மட்டும் வரம்பைத் தாண்டுகிறதா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். தாண்டினால் சோலாரின் லாபம் கூடும். வருஷம் முழுக்க வெந்நீரில் குளிக்கும் பெரியவர்கள், பச்சைக் குழந்தை, பாத்திரம் நிறைய விழும் அடுப்படி, விருந்தாளி தங்கும் பழைய வீடு என்றால் கணக்கே வேறு. அங்கே சோலார் சீக்கிரம் காசைத் திருப்பிவிடும்.

வீட்டின் மேல் எங்கே?

ஓட்டுச் சரிவில் வைக்கவே கூடாது. 100 லிட்டர் டியூப் கருவியில் டேங்கில் 100 லிட்டர், டியூப் ஒன்றுக்கு 2.7 லிட்டர் வீதம் 27 லிட்டர், கூட இரும்பும் கண்ணாடியும். எல்லாம் சேர்ந்து 180 கிலோவை ஒட்டி வரும். நான்கு காலில் இறங்கும் கனம் இது. பின்கட்டு மெட்ராஸ் டெரஸில் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்) வைக்கலாம், ஆனால் கால்கள் நேர் கீழே சுவர் இருக்கிற இடத்தில்தான் இறங்க வேண்டும். இரண்டு உத்திரத்துக்கு நடுவே கட்டைகள் மட்டும் தாங்கும் இடத்தில் இறக்காதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓரடிச் சதுரக் கான்கிரீட் பாளம் போட்டு, ஸ்டாண்டை அதில் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். தளத்தில் துளை போட விடாதீர்கள். சுண்ணாம்புத் தளத்தில் இறங்கும் ஈரம் கீழே மரத்தில்தான் போய் நிற்கும்.

முகம் தெற்கே. சாய்வு 25லிருந்து 30 டிகிரி. நம் ஊர் 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மார்கழி உச்சி வெயில் அந்தச் சாய்வில் ஏறக்குறைய நேராக விழும். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்பதால் தேவையில்லாத காலத்தில் கொதிப்பும் குறையும். தெற்கே கைப்பிடிச் சுவரோ, சுதை பொம்மை வைத்த முகப்போ இருந்தால் அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது வடக்கே தள்ளி வையுங்கள். பேனல் வகையில் டேங்கின் அடிப்பாகம் பேனலின் தலைக்கு மேல் ஓரடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி ஓட்டம் திரும்பி, பகலில் சேர்த்த சூட்டைப் பேனல் வானத்துக்கே விட்டுவிடும்.

குழாய் நீளம்தான் இந்த வீடுகளின் பெரிய சிக்கல். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாய் மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். மாடியிலிருந்து குளியலறைக்கு 30 மீட்டர் என்றால், ஒவ்வொரு தடவையும் ஏழு, எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் ஓடிய பிறகுதான் வெந்நீர் முகம் காட்டும். அடைத்த பிறகு அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். ஆகவே கருவியைக் குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள், வெயில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு குளியலறைக்கு அரை அங்குலக் குழாயே போதும், அதில் பிடிப்பது பாதிதான். வெள்ளை பி.வி.சி. குழாய் வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் தொய்ந்துவிடும். குழாய்க்குக் கறுப்பு ரப்பர் ஃபோம் உறையும், அதன் மேல் வெயில் படாமல் அலுமினியத் தாளும் வேண்டும். வெறும் ஃபோம் நம் வெயிலில் பொடிந்து உதிரும். பிளம்பர் சுவரை வெட்டிக் குழாய் பதிக்கலாம் என்று சொல்வார். கண்ணாடி மாதிரி இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை வெட்டினால் அதே மாதிரி ஒட்டுப்போட இன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வெளிச்சுவர் ஓரமாக, கிளாம்ப் வைத்து இறக்கச் சொல்லுங்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. இருக்கட்டும்.

பிளம்பர் தவறவிடும் இடங்கள்

ஓவர்ஹெட் டேங்கின் அடி, சோலார் டேங்கின் தலையைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். சோலாருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் லைனைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலேயே வேறு குழாய் பிரித்துவிட்டால், ஓவர்ஹெட் டேங்க் காலியான அன்று சோலார் டேங்கில் உள்ளது பின்னோக்கி இறங்கிவிடும்.

ஏர் வென்ட் என்று டேங்க் தலையில் செங்குத்தாக ஒரு குழாய் நிற்கும். ஓவர்ஹெட் டேங்கின் நிரம்பிய மட்டத்துக்கு மேல் ஓரடி இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் அதிலிருந்து தண்ணீர் சொட்டும். சொட்டுகிறது என்று மூடி போட்டு அடைத்துவிடுகிற பிளம்பர்கள் உண்டு. அடைத்தால், கொதிக்கிற நாளில் டேங்க் புடைக்கும். தண்ணீர் சட்டென்று இறங்கும் நாளில் உள்வாங்கிச் சப்பையாகும். இரண்டுக்கும் வாரண்டி கிடையாது. உப்பு படிந்ததற்கும் பெரும்பாலும் கிடையாது, கார்டைப் படித்துப் பாருங்கள்.

முதல் தடவை தண்ணீர் விடுவது காலை 7 மணிக்குள், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெயிலில் காய்ந்த வெறும் டியூபின் உள்சூடு 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் டியூப் வரிசையாக உடையும்.

டியூபைக் கழுவுவது வருஷத்துக்கு ஒருமுறை, உப்பு அதிகமென்றால் இரண்டு முறை. பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, அடிப் பிளக்கைத் திறந்து டேங்கைக் காலி செய்யுங்கள். கீழே உள்ள தாங்கியைக் கழற்றி, டியூபைச் சற்று மேலே தள்ளி, லேசாகத் திருகிக்கொண்டே கீழே இழுத்தால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டினால் கடைசியில் வெள்ளையாகக் கூழ் வரும். சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து நிரப்பி, இரண்டு மணி நேரம் விட்டு, நீளப் பிரஷ் போட்டு அலசினால் போதும். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட்டில், அதாவது டியூப் நுழையும் ரப்பர் வளையத்தில், சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் உப்பி, சில மாதத்தில் ஒழுகும். கையில் இருக்கும்போதே டியூபின் கீழ் நுனியைப் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடி போல் பளபளத்தால் நல்லது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. பகலில் வாங்கும் சூட்டை ராத்திரியில் விட்டுவிடும் டியூப் அது. புதிதாக வாங்கும்போதும் ஒவ்வொன்றாக இந்த நுனியைப் பார்த்தே எடுங்கள்.

மழை நாட்களுக்கு டேங்கிலேயே 2 கிலோவாட் காயில் வைத்துக் கொடுப்பார்கள். 100 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 2.3 யூனிட், ஒரு மணி பத்து நிமிஷம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காமல் விடியற்காலை போடுங்கள், தெர்மோஸ்டாட்டை 50ல் வையுங்கள். எர்த்தும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் இல்லாமல் அந்தக் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. குழந்தைகள் குளிக்கிற வீட்டில் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடிக்கிற பழக்கம் வேண்டும். டியூப் கருவியின் தண்ணீர் வெயில் நாளில் தோலை உரித்துவிடும்.

பூட்டிக் கிடக்கும் வீடு

கலியாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு, திருவிழா என்றால் மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே ஏராளம். சோலார் விற்பவர்கள் இந்த விஷயத்தை எடுப்பதே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் வெயில் தினமும் வந்துகொண்டிருக்கும், செலவழிக்க ஆளிருக்காது. தண்ணீர் கொதித்துக் கொதித்து வென்ட் வழியே ஆவியாகும், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து புதுத் தண்ணீர் தன் சுண்ணாம்போடு உள்ளே வரும். சில மாதத்தில் குழாய் அடைத்த பேனலோ, கூழ் நிரம்பிய டியூபோதான் மிச்சம். பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் போனால் டேங்க் வற்றிக் காய்ந்து, வீட்டைத் திறக்கிற அன்று மத்தியானம் யாராவது வால்வைத் திறந்ததும் டியூப் வெடிக்கும். டேங்கைக் காலி செய்தாலும் அடி மூடிய டியூபில் 27 லிட்டர் நின்றுவிடும்.

வழி ஒன்றுதான்: டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கட்டும், வால்வு திறந்தே இருக்கட்டும், டியூபையோ பேனலையோ வெளிர் நிறத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையும் கட்டிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒருமுறை கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வையுங்கள். திறக்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பொழுது சாய்ந்து தார்ப்பாயை எடுத்தால் வருகிறவர்களுக்கு வெந்நீர் தயார். ஆனால் கலியாணக் கூட்டத்துக்கு 100 லிட்டர் எந்த மூலைக்கு? வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் திறக்கிற வீட்டுக்குச் சோலாரே வாங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. பழைய செம்பு பாய்லர் பரணில் இருந்தால் இறக்கி, வெள்ளீயம் பூசி வைத்துக்கொள்ளுங்கள்.